ஆரோக்கியப்பச்சையும் அகத்தியமலையின் இருபுறக் காணிக்காரரும்: அம்பாசமுத்திரம் வட்டத்தை முன்வைத்து ஓர் அறிவுரிமை வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அகத்தியமலைக் காணிக்காரர் களைப்பு நீங்க உண்டுவந்த ஆரோக்கியப்பச்சை என்னும் சிறுசெடியின் பழம் 1987க்குப் பின் ஆய்வகத்தின் கவனத்துக்கு வந்தது. 1995க்குப் பின் அச்செடியின் இலை சந்தைக்குச் சென்றது. பழங்குடி அறிவுக்குப் பயன்பகிர்வு அளித்த முன்னோடி நிகழ்வுகளுள் ஒன்றாக இது போற்றப்படுகிறது. ஆயினும் அப்பகிர்வு கேரள எல்லையோடு நின்றது. மலையின் கிழக்குச் சரிவில், அம்பாசமுத்திரம் வட்டத்தில் வாழ்ந்த காணிக்காரர் அக்காலத்தில் பட்டியல் பழங்குடியினர் வரிசையில்கூட இடம்பெறவில்லை. இதன் வரலாற்றுக் காரணங்களைச் சட்டங்கள், இனவரைவியல் நூல்கள், வெளிவந்த ஆய்வுகள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காணிக்காரர், ஆரோக்கியப்பச்சை, ஜீவனி, பயன்பகிர்வு, அம்பாசமுத்திரம், வாய்மொழி மருத்துவ அறிவு

முன்னுரை

களைப்பை வெல்லவும் கவனத்தைக் குவிக்கவும் மனிதர் மருந்து தேடிய வரலாறு நெடியது. இருபதாம் நூற்றாண்டில் அத்தேடல் வேதியியல் ஆய்வகத்திற்குள் புகுந்தது. இரண்டாம் உலகப் போரில் பல நாட்டுப் படைவீரர்களுக்கு ஆம்ஃபெட்டமைன் மாத்திரைகள் வழங்கப்பட்டன. சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் 1944இல் உருவாக்கப்பட்ட மெத்தில்ஃபெனிடேட், 1954 முதல் ரிட்டாலின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, பின்னாளில் கவனக்குறைபாட்டிற்கான முதன்மை மருந்தாயிற்று. இவை மூளையில் டோபமின், நார்அட்ரினலின் ஆகியவற்றின் அளவைக் கூட்டிச் செயற்படுபவை; பழக்க அடிமைத்தனத்திற்கு இடம் தருபவை. அதனாலேயே இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் உளவெறிப் பொருள்கள் சட்டத்தின் அட்டவணைக்குள் இவை வைக்கப்பட்டுள்ளன.

இவ்வகை ஊக்க மருந்துகளுக்கு மாற்றாக மூலிகைகளை முன்வைக்கும் போக்கும் அதே காலத்தில் வளர்ந்தது. சோவியத் மருந்தியலாளர் லாசரேவ் 1947இல் ‘அடாப்டோஜென்’ என்ற கருத்தாக்கத்தை முன்மொழிந்தார். உடலைத் தூண்டிவிட்டுப் பின் தளரச் செய்யாமல், எவ்வகை நெருக்கடியையும் தாங்கும் பொதுவான எதிர்ப்பாற்றலை வளர்க்கும் பொருள் என்பது அதன் விளக்கம். பிரெக்மன் முதலியோர் சைபீரிய ஜின்செங்கைக் கொண்டு அக்கருத்தை வளர்த்தெடுத்தனர். இங்கு அதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அகத்தியமலையில் ஒரு பழத்தைக் கண்ட அறிவியலாளர்கள் அதனை எந்தக் கண்ணாடி வழியே நோக்கினர் என்பதை அந்தச் சொல்லே தீர்மானித்தது.

அந்தப் பழம் ஆரோக்கியப்பச்சை எனப்படும் செடியினது. இதுபற்றிய எழுத்துகள் ஆங்கிலத்தில் மிகுதி; சட்டவியல், பொருளியல், மருந்தியல் ஆய்வாளர்கள் பலர் எழுதியுள்ளனர். அவை யாவும் மேற்குச் சரிவின் கதையையே கூறுகின்றன. காணிக்காரர் என்றால் கேரளக் காணிக்காரர் என்றே கொள்ளும் வழக்கம் அவற்றில் ஊன்றிவிட்டது. கிழக்குச் சரிவிலிருந்து இவ்வரலாற்றை நோக்கினால் தெரிவதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் மக்களும்

அகத்தியமலைத் தொடரின் கிழக்குச் சரிவு அம்பாசமுத்திரம் வட்டத்தில் இறங்குகிறது. தாமிரபரணி பிறக்கும் இம்மலைப்பகுதியில் அகத்தியர் காணிக் குடியிருப்பு, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி ஆகிய இடங்களில் காணிக்காரர் வாழ்கின்றனர். மேற்குச் சரிவில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் குட்டிச்சல், விதுரை, பெரிங்ஙம்மலை முதலிய ஊராட்சிகளிலும், தெற்கே கன்னியாகுமரி மாவட்ட மலைகளிலும் இம்மக்களின் குடியிருப்புகள் உள்ளன. மூட்டில்லம், மேனில்லம் முதலிய இல்லப் பிரிவுகளும், ஊர்த் தலைவரான மூட்டுக்காணி, மருத்துவமும் சடங்கும் நடத்தும் பிலாத்தி ஆகிய பொறுப்புகளும், கொக்கரை இசைத்துப் பாடும் சாற்றுப்பாட்டும் இம்மக்களின் அடையாளங்கள். நீர்ப்பிரி முகடு ஆட்சிகளைப் பிரித்த அளவுக்கு இம்மக்களைப் பிரிக்கவில்லை.

ஆனால் ஆவணங்களைப் பிரித்தது. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய தொகுதிகளில் காணிக்காரரைத் தென் திருவிதாங்கூர் மலைகளின் மக்களாகவே அறிமுகம் செய்கிறார். எல். ஏ. கிருஷ்ண ஐயரின் விரிவான பதிவு, 1937இல் திருவிதாங்கூர்ப் பழங்குடிகள் பற்றிய நூல்வரிசையில் வந்தது. சமஸ்தானத்தின் ஆதரவில் எழுதப்பட்ட அந்நூலின் எல்லை சமஸ்தானத்தின் எல்லையாக இருந்ததில் வியப்பில்லை. ஆக, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே காணிக்காரர் ‘திருவிதாங்கூர்ப் பழங்குடி’ என்ற பெயரோடு அச்சில் நிலைபெற்றனர்.

கிழக்கே நிலைமை வேறு. திருநெல்வேலிப் பக்கத்து மலைக்காடு அரசின் காப்புக்காடாகவும் சிங்கம்பட்டி ஜமீனின் உடைமையாகவும் பிரிந்து கிடந்தது. ஜமீன் காட்டின் ஒரு பகுதி 1929இல் பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்திற்கு 99 ஆண்டுக் குத்தகைக்குச் சென்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டமாயிற்று. பாபநாசத்தில் அணை எழுந்து 1944இல் மின்னுற்பத்தி தொடங்கியது. 1962இல் முண்டந்துறைச் சரணாலயம், 1976இல் களக்காடு சரணாலயம், இரண்டையும் இணைத்து 1988இல் களக்காடு – முண்டந்துறைப் புலிகள் காப்பகம் என அடுத்தடுத்து வந்த ஏற்பாடுகளில் மலை, நீர், மரம், விலங்கு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு துறையும் ஒரு கோப்பும் கிடைத்தன. மக்களைப் பற்றிய கோப்பு மட்டும் மெலிந்தே இருந்தது.

1987 டிசம்பர்

நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 1982இல் தொடங்கிய அனைத்திந்திய ஒருங்கிணைந்த இனஉயிரியல் ஆய்வுத் திட்டத்தை ஜம்முவிலிருந்த மண்டல ஆய்வகத்தின் பல்பு புஷ்பாங்கதன் ஒருங்கிணைத்தார். அத்திட்டத்தின் குழு ஒன்று 1987 டிசம்பரில் அகத்தியமலையின் மேற்குப் பகுதியில் ஏறியது. காணிக்காரர் வழிகாட்டிகளாகச் சென்றனர். ஏற்றத்தில் ஆய்வாளர்கள் சோர்ந்தனர். வழிகாட்டிகளோ சிறு பழங்களை அவ்வப்போது மென்றபடி தளராமல் நடந்தனர். தங்களுக்கும் அப்பழத்தைத் தந்தபோது புத்துணர்ச்சி பெற்றதாக ஆய்வாளர்கள் பின்னர் எழுதினர். அது எந்தச் செடியின் பழம் என்று கேட்டதற்கு வழிகாட்டிகள் உடனே விடை கூறவில்லை. அயலாருக்குச் சொல்லலாகாத செய்தி என்பது அவர்தம் மரபு. வற்புறுத்தலுக்கும் உறுதிமொழிக்கும் பின்னரே செடியைக் காட்டினர். மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி ஆகிய இருவர் பெயரும் இதன் தொடர்பில் அனைத்துலக அறிக்கைகளில் பதிவாகியுள்ளன.

இந்நிகழ்ச்சி பயன்பகிர்வு பற்றிய ஏறத்தாழ எல்லா எழுத்திலும் ஒரு தோற்றத் தொன்மம்போல மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது. சொல்வோர் எப்போதும் ஆய்வாளரின் களைப்பிலிருந்தே தொடங்குகின்றனர். காணிக்காரருக்கு அதில் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. தேன் எடுக்கவும் கிழங்கு தோண்டவும் நாள்முழுதும் மலையேறி இறங்கும் மக்களுக்கு அது வழிநடைப் பழம். பசிக்கும் தளர்ச்சிக்கும் இடையே கைக்கு எட்டும் இடத்தில் விளைவது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 1992இன் ரியோ உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கைக்கு ஐந்து ஆண்டுகள் முன்பு நடந்தது இது. அறிவுக்கு உரியவரிடம் முன்னிசைவு பெற வேண்டும் என்ற கடமையை எந்தச் சட்டமும் அன்று விதிக்கவில்லை. மலைப்பாதையில் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட உறுதிமொழியே அங்கிருந்த ஒரே ஒப்பந்தம்.

செடியின் அறிவியற்பெயர் டிரைக்கோபஸ் ஜெய்லானிகஸ். கேர்ட்னர் 1788இல் வகைப்படுத்திய இது, வள்ளிக்கிழங்குக் குடும்பத்தோடு உறவுடைய, நிழலில் வளரும் சிறு செடி. இலங்கை, தென்னிந்தியா, மலேயா ஆகிய பகுதிகளில் காணப்படுகிறது. தென்மலைகளில் வளரும் துணைச்சிற்றினத்தின் பெயர் திராவன்கோரிகஸ். செடியின் பெயரிலும் திருவிதாங்கூரே ஏறியிருப்பது தற்செயலே ஆயினும், இக்கட்டுரையின் பொருளுக்கு மிகப் பொருந்திய தற்செயல். இச்செடி முகட்டின் கிழக்கிலும் வளர்கிறது.

பழத்திலிருந்து இலைக்கு

குழுவினர் தம் முடிவுகளை 1988இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டபோது செடியை ‘காணிப் பழங்குடியினரின் ஜின்செங்’ என்று தலைப்பிலேயே அழைத்தனர். முன்னர்க் கூறிய சோவியத் கருத்தாக்கம் இங்கே உள்நுழைவதைக் காணலாம். கொரியாவிலும் சீனத்திலும் புகழ்பெற்ற, ஏற்றுமதிச் சந்தையுள்ள ஒரு வேரோடு ஒப்பிட்ட மாத்திரத்தில், மலையேற்றத்துக்கான பழம் உலகச் சந்தைக்கான வலிமை மருந்தாகப் பெயர்மாற்றம் பெற்றுவிட்டது.

ஆய்வுகள் ஜம்முவிலும், புஷ்பாங்கதன் இயக்குநரான பின் பாலோட்டில் 1979 முதல் இயங்கிவந்த வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்திலும் தொடர்ந்தன. பழத்தை விட்டு இலையை நோக்கி ஆய்வு நகர்ந்தது. சிறுசெடியில் பழம் குறைவு. இலையோ அறுத்தால் மீண்டும் துளிர்க்கும். தொழில்முறை உற்பத்திக்கு இலையே உகந்தது. இலையில் கிளைக்கோலிப்பிடுகளும் ஸ்டீராய்டு அல்லாத பாலிசாக்கரைடுகளும் இருப்பதாகவும், அவை களைப்பு நீக்கும், எதிர்ப்பாற்றல் கூட்டும் தன்மையுடையன என்றும் தெரிவிக்கப்பட்டது. சான்றுகளில் பெரும்பாலானவை எலி, சுண்டெலி ஆகியவற்றின்மீது செய்த சோதனைகள். 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஆண் சுண்டெலிகளின் பாலியல் நடத்தையில் இதன் விளைவை ஆராய்ந்தது. 2005ஐ ஒட்டி வந்தவை உயிர்வளியேற்றத் தடுப்பாற்றலைப் பேசின. 2019இல் செடியின் மரபணுத்தொகை வரைவு வெளியாயிற்று. மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துக்கு இது மாற்றாகும் என்று கூற இச்சான்றுகள் போதா. நீரில் நீந்தும் சுண்டெலி தளராதிருப்பதும், தேர்வுக்குப் படிக்கும் மாணவரின் கவனம் சிதறாதிருப்பதும் வெவ்வேறு பொருள்கள்.

கவனம், நினைவு என்ற உரிமைகோரல் காணிக்காரர் வழக்கில் முதன்மையாக இருந்ததில்லை என்பதையும் கருத வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்பதை மருந்தின் சேர்மானத்தைப் பார்த்தால் ஊகிக்கலாம். ‘ஜீவனி’ எனப் பெயர்பெற்ற அம்மருந்தில் ஆரோக்கியப்பச்சை இலையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகிய மூன்றும் சேர்க்கப்பட்டன. அமுக்கரா வலிமைக்கும் உறக்கத்துக்கும், திப்பிலி செரிமானத்துக்கும் பிற மருந்துகளின் செயலைத் தூண்டவும், விஷ்ணுகிரந்தி நினைவுக்கும் எனச் சித்த, ஆயுர்வேத நூல்மரபில் நெடுங்காலமாக வழங்குபவை. தேர்வுக் காலத்தில் வல்லாரை மாத்திரைக்கு நம் ஊர்க் கடைகளில் கிராக்கி ஏறுவதை அறிந்தோர்க்கு, நினைவாற்றல் என்ற சொல்லின் விற்பனை வலிமையை விளக்க வேண்டியதில்லை. ஆக, ஜீவனி என்பது ஒரு பங்கு வாய்மொழி அறிவும் மூன்று பங்கு நூலறிவும் கலந்த மருந்து. இந்த விகிதம் பின்னர் சட்டத்தில் முக்கியத்துவம் பெறுகிறது.

‘மூலிகை என்பதால் தீங்கில்லை’ என்ற வாதமும் ஆராயாமல் ஏற்கத்தக்கதன்று. அதே அமுக்கராவைச் சேர்மானங்களில் பயன்படுத்த 2023இல் டென்மார்க் தடை விதித்தது. ஒரு நாட்டின் தடை இறுதித் தீர்ப்பாகாது. எனினும் நூல்மரபில் மருத்துவரின் மேற்பார்வையில் அளவறிந்து வழங்கிய மருந்தும், பொட்டலத்தில் கடைத்தட்டில் விற்கும் மருந்தும் ஒன்றல்ல என்பதை அது நினைவூட்டுகிறது.

பயன்பகிர்வும் அதன் பிளவுகளும்

1995 நவம்பரில் ஜீவனியின் தயாரிப்பு உரிமம் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. இவ்விரண்டிலும் பாதியைக் காணிக்காரருக்கு அளிப்பதென்று பாலோடு நிறுவனம் முடிவு செய்தது. அன்று இந்தியாவில் உயிர்ப்பல்வகைமைச் சட்டம் இல்லை. அது 2002இல்தான் வந்தது. சட்டக் கட்டாயமின்றி எடுக்கப்பட்ட முடிவு என்பதால் உலக அரங்கில் இது முன்மாதிரியாகப் பேசப்பட்டது. ஆர். வி. அனுராதாவின் 1998ஆம் ஆண்டு ஆய்வும், உலக அறிவுசார் சொத்துரிமை நிறுவனத்துக்காக அனில் குப்தா எழுதிய 2004ஆம் ஆண்டு அறிக்கையும், சச்சின் சதுர்வேதியின் 2007ஆம் ஆண்டு ஆய்வும் இதைக் குறைநிறைகளோடு விவரிக்கின்றன.

பணத்தைப் பெற ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. 1997 நவம்பரில் ஒன்பது உறுப்பினர்களுடன் கேரளக் காணி சமுதாய க்ஷேம அறக்கட்டளை பதிவாயிற்று. செடியைக் காட்டியவர்களே அதன் தலைமைப் பொறுப்புகளை ஏற்றனர். 1999 தொடக்கத்தில் ஏறத்தாழ 5.19 லட்சம் ரூபாய் அதன் கணக்கில் சேர்க்கப்பட்டது. மலையில் செடியைக் காட்டியதற்கும் பணம் கைக்கு வந்ததற்கும் இடையே பதினோர் ஆண்டுகள் கடந்திருந்தன.

இதற்குள் மேற்குச் சரிவிலேயே பிளவு தோன்றிவிட்டது. குட்டிச்சல் பகுதியினர் ஏற்பாட்டை வரவேற்றனர். விதுரை, பெரிங்ஙம்மலைப் பகுதிகளைச் சேர்ந்த பிலாத்திகள் ஒன்பதின்மர், தங்கள் அறிவு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்படுவதை எதிர்த்து 1995இல் கடிதம் எழுதினர். அவர்கள் எழுப்பிய வினா கூர்மையானது: மருத்துவ அறிவைக் காப்பது பிலாத்தியின் கடமை, வழிகாட்டியாகச் சென்ற ஓரிருவர் அதை வெளியிட்டால் சமூகம் முழுவதும் இசைந்ததாகுமா? கேரள அரசின் பழங்குடி ஆய்வு நிறுவனமான கிர்த்தாட்ஸும் இத்திட்டத்தைக் குறைகூறியது. முன்னிசைவு என்பதை யாரிடம் பெறுவது என்று இன்றுவரை அனைத்துலகச் சட்டவியலார் எழுதிக்கொண்டிருக்கும் சிக்கலை, 1995இலேயே பிலாத்திகள் ஒரு கடிதத்தில் வைத்துவிட்டனர் என்பது என் கருத்து. அவர்கள் கடிதம் நிராகரிக்கப்பட்டதைவிட, ஒரு தரப்பின் அதிருப்தியாகச் சுருக்கப்பட்டதே வருந்தத்தக்கது.

வனத்துறையோடும் மோதல் எழுந்தது. இச்செடி இயற்கையான வாழிடத்துக்கு வெளியே வளர்ந்தால் மருத்துவத் தன்மையை இழக்கிறது என்று பாலோடு ஆய்வாளர்கள் கண்டனர். ஆகவே காட்டிலோ காட்டை ஒட்டியோ காணிக்காரரே பயிரிட வேண்டும். பயிரிடப் பயிற்சியும் சிறு நிதியும் தரப்பட்டன. காப்புக்காட்டிலிருந்து இலையெடுக்க வனத்துறை ஒப்பவில்லை. அரிய செடி வேரோடு பிடுங்கப்படும் என்ற அதன் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. விளம்பரம் பெற்றபின் வெளியார் செடியைக் களவாக எடுத்ததும் உண்டு. விளைவாக, அறிவுக்கு உரிமை பெற்றவர் செடிக்கு உரிமையற்றவராயினர். இலை வரத்துக் குறைந்ததால் உற்பத்தியும் எதிர்பார்த்த அளவு வளரவில்லை.

வெளிநாட்டில் வேறொரு கசிவு. அமெரிக்காவில் 1994இல் வந்த உணவுத் துணைப்பொருள் சட்டம், முன் அனுமதி இன்றியே மூலிகைப் பண்டங்களைச் சந்தைக்கு விட வழிசெய்திருந்தது. அச்சந்தையில் ஓர் அமெரிக்க நிறுவனம் ஜீவனி என்ற பெயரை வணிகக்குறியாகப் பதிந்துகொண்டது. ஆற்றலூட்டும் பண்டமாக அப்பெயரில் அங்கு விற்பனையும் நடந்தது. பெயரை அந்நாட்டில் பாலோடு நிறுவனம் பதிந்திருக்கவில்லை.

கிழக்குச் சரிவு

மேற்கண்டவற்றை அம்பாசமுத்திரத்திலிருந்து நோக்குவோம். அறக்கட்டளையின் பெயரிலேயே ‘கேரள’ என்ற அடை உண்டு. உரிமம் வழங்கியது கேரள அரசின் நிறுவனம். அதன் அதிகாரம் அம்மாநிலத்தோடு முடிகிறது. ஆதலால் பொறுப்பாளர்களைக் குறைகூறுவது எளிதான, ஆனால் பயனற்ற செயல். கேட்க வேண்டிய வினா, கிழக்கே இருந்த காணிக்காரருக்காகப் பேசக்கூடிய அமைப்பு ஏன் இல்லாமற்போனது என்பதே.

விடையின் ஒரு பகுதி பட்டியலில் இருக்கிறது. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது திருவிதாங்கூரின் தென்வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. அங்கு வாழ்ந்த காணிக்காரர் தம் பழங்குடித் தகுதியையும் உடன்கொண்டு வந்தனர். பாபநாச மலையில் வாழ்ந்தோரோ பழைய பிரிட்டிஷ் மாவட்டத்தவர். 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் பட்டியலில் தமிழ்நாட்டுக் காணிக்காரர் ‘கன்னியாகுமரி மாவட்டத்திலும் திருநெல்வேலி மாவட்டத்தின் செங்கோட்டை வட்டத்திலும்’ என்ற இடவரம்போடு குறிக்கப்பட்டனர். அம்பாசமுத்திரம் வட்டம் அதில் இல்லை. கலைந்துபோன சமஸ்தானத்தின் எல்லைக்கோடு, இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தியச் சட்டத்தின் அட்டவணையில் உயிரோடு இருந்தது. செங்கோட்டையில் பழங்குடி, இஞ்சிக்குழியில் அன்று!

இவ்வரம்பு 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் (2003இன் 10ஆம் சட்டம்) மாறியது. செங்கோட்டையுடன் அம்பாசமுத்திரம் வட்டமும் சேர்க்கப்பட்டது. இத்தேதிகளை ஜீவனியின் தேதிகளோடு அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1987இல் செடி காட்டப்பட்டது, 1995இல் உரிமம், 1997இல் அறக்கட்டளை, 1999இல் பணம். உரிமத்தின் முதல் ஏழாண்டு 2002இல் நிறைவுற்றது. அதே ஆண்டின் சட்டத்தால்தான் அம்பாசமுத்திரம் காணிக்காரர் சட்டத்தின் கண்ணுக்குப் பழங்குடியாயினர். பயன்பகிர்வின் முழுச் சுற்றும் முடிந்த பிறகே அவர்கள் பட்டியலுக்குள் வந்தனர்.

மற்றொரு பகுதி காட்டு நிருவாகத்தில் இருக்கிறது. 1990களின் நடுப்பகுதியில் உலக வங்கிக் கடனுதவியுடன் களக்காடு – முண்டந்துறையில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றது. காப்பகத்தைச் சூழ்ந்த மக்கள் காட்டைச் சார்ந்திருப்பதைக் குறைப்பதே அதன் குறிக்கோள். அது பல வகையில் பாராட்டப்பட்ட திட்டம். விறகுச் சுமை குறைந்தது காட்டுக்கு நன்மையே. ஆனால் அதே ஆண்டுகளில் முகட்டின் மறுபக்கம் காட்டைச் சார்ந்த அறிவு விலைமதிப்புள்ள சொத்து என்று ஒப்பந்தம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரே மக்களின் ஒரே அறிவு, மேற்கே மூலதனம். கிழக்கே குறைக்க வேண்டிய சார்பு.

பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு மாநில எல்லை தடையாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2001இல் கேரளப் பகுதியில் அறிவிக்கப்பட்ட அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2005இல் தமிழ்நாட்டுக்குள் விரிவாக்கப்பட்டது. 2016இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பிலும் இடம்பெற்றது. செடிக்கும் விலங்குக்கும் இரு மாநிலத்தையும் ஒரே அலகாகக் கொள்ள முடிந்தது. அவற்றை அறிந்த மக்களுக்கு அது எண்ணப்படவில்லை.

தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் கிழக்குச் சரிவைப் புறக்கணித்தனர் என்று கூற முடியாது. 1964இல் தொடங்கப்பட்ட பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி இம்மலைக்கு அண்மையில் உள்ளது. கௌதலைக் காணிக்காரரின் மருத்துவ அறிவைப் பற்றி அய்யனார், இக்னாசிமுத்து ஆகியோர் எழுதிய 2005ஆம் ஆண்டுக் கட்டுரை அனைத்துலக அளவில் மேற்கோள் காட்டப்படுகிறது. செடிப்பெயர், பயன்படும் உறுப்பு, தீரும் நோய் என அட்டவணையிடும் இத்தகைய ஆய்வுகள் மதிப்புடையவை. ஆயினும் அட்டவணை அச்சானதும் அதிலுள்ள அறிவு பொதுவெளிக்குச் சென்றுவிடுகிறது. அதன்மேல் பின்னர் உரிமை கோருவது கடினம். மேற்கே ஒப்பந்தம், அறக்கட்டளை என்ற வடிவங்கள் குறைபாட்டோடாவது முயலப்பட்டன. கிழக்கே அறிவு ஆய்விதழ்களில் மட்டும் வெளியாயிற்று. முனைவர்ப் பட்டத்துக்கும் பணி உயர்வுக்கும் அந்த அட்டவணைகள் பயன்பட்டதை, அதே துறைச் சூழலில் இயங்கும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

எழுதப்பட்ட அறிவும் எழுதப்படாத அறிவும்

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அதன் 3(1)(k) பிரிவு, உயிர்ப்பல்வகைமையைப் பயன்படுத்தும் உரிமையையும் அதுசார்ந்த மரபறிவின் மீதான சமூக அறிவுசார் உரிமையையும் வனவாழ் மக்களுக்கு ஏற்கிறது. செடியும் அறிவும் ஒரே பிரிவில் சேர்ந்தது இதுவே முதன்முறை. முன்னர்ப் பாலோட்டில் நேர்ந்த முரண், அதாவது அறிவுண்டு இலையில்லை என்ற நிலை, இச்சட்டத்தின் சொற்படி எழக்கூடாது. தமிழ்நாட்டில் உயர்நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் உரிமைப் பட்டயங்கள் வழங்குவது நெடுநாள் தடைப்பட்டு, 2016க்குப் பிறகே வழி திறந்தது. தனிநபர் நில உரிமையைப் போல் 3(1)(k) உரிமை கோரிக்கை மனுக்களில் முன்னிற்பதும் இல்லை.

2023இன் உயிர்ப்பல்வகைமைத் திருத்தச் சட்டம் எதிர்த்திசையில் செல்கிறது. நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவையும், பதிவுபெற்ற ஆயுஷ் மருத்துவர்களையும் பயன்பகிர்வுக் கடமையிலிருந்து அது விலக்குகிறது. ஜீவனி போன்றதொரு மருந்து இன்று உருவாக்கப்பட்டால் என்னாகும்? அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகிய மூன்றும் நூல்மரபுக்கு உரியவை. விலக்கு அவற்றுக்குக் கிடைக்கும். எந்த நூலிலும் ஏறாத, பிலாத்தியின் நினைவில் மட்டும் இருந்த ஆரோக்கியப்பச்சைக்கே பகிர்வுக் கடமை எஞ்சும். இதைக் காணிக்காரருக்குச் சாதகமான நிலை என்றும் வாதிடலாம். ஆனால் வணிக நிறுவனம் எளிய வழியை நாடும். நான்காவது செடியைக் கைவிட்டு மூன்றோடு நின்றுவிடும். அல்லது வெளியான ஆய்விதழ் அட்டவணைகளையே காட்டி, இதுவும் தொகுக்கப்பட்ட அறிவுதான் என்று வாதிட முனையும். கிழக்குச் சரிவின் அறிவு பெரும்பாலும் அத்தகைய அட்டவணைகளாகவே வெளியாகியிருப்பதால், இரண்டாவது ஆபத்து அம்பாசமுத்திரம் வட்டத்துக்கே மிகுதி.

உயிர்ப்பல்வகைமைச் சட்டத்தின்படி உள்ளாட்சிதோறும் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் உயிர்ப்பல்வகைமைப் பதிவேடு எழுதப்பட வேண்டும். சமவெளி ஊராட்சியோடு இணைந்த மலைக் குடியிருப்புக்கு அப்பதிவேட்டில் எத்தனை பக்கம் கிடைக்கும், எழுதுவோர் மூட்டுக்காணியைக் கேட்பாரா, பிலாத்தியைக் கேட்பாரா, கேட்காமலே அச்சான அட்டவணையைப் பார்த்துப் படியெடுப்பாரா என்பவை நிருவாக நுணுக்கங்கள்போல் தோன்றினும் உரிமையின் அடித்தளங்கள். பதியாவிட்டால் கோர ஆதாரம் இல்லை. முழுதும் பதிந்தால் மறைவு இல்லை. செடியின் பெயரையும் பயனையும் வெளியிடாமல், அறிவு இன்ன குடியிருப்புகளுக்கு உரியது என்பதை மட்டும் பதியும் முறை ஒன்றை வடிவமைக்க முடியும். அதற்கு அகத்தியர் காணிக் குடியிருப்பு முதல் இஞ்சிக்குழி வரையுள்ள கிராம சபைகளின் தீர்மானமும், குட்டிச்சல், விதுரை, பெரிங்ஙம்மலைக் காணிக்காரரோடு ஒரு பொது உடன்பாடும் வேண்டும். இரு மாநிலப் பரப்பில் உள்ள ஒரே அறிவைக் குறித்த கோரிக்கையைக் கேட்கும் அதிகாரம் சென்னையிலுள்ள தேசிய உயிர்ப்பல்வகைமை ஆணையத்துக்கு உண்டு. அந்தக் கோரிக்கை மனுவைத் தயாரிப்பதற்கு வேண்டிய மொழியியல், இனவரைவியல், தாவரவியல் சான்றுகளைத் திரட்டித் தருவது பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் உள்ள ஆய்வுத் துறைகளால் இயலக்கூடிய பணி.